புதுப்பிப்பு: செம்பனை ஓலை மறுபடி பச்சையாகிவிட்டது

மகளின் பள்ளிப் பாடத்துக்கு அச்சடித்த செம்பனைப் படத்தில் ஓலையெல்லாம் நோய் வந்த மரம்போல மஞ்சளாக வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். குற்றவாளி பிடிபட்டது: சயான், அதாவது நீல மை.

பிரிண்டரில் இருக்கும் 'கிளீனிங்' நான்கு முறை ஓட்டினேன். மை செலவானதுதான் மிச்சம். அப்புறம் கலர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அடிப்பக்கத்தை ஈரமான டிஷ்யூவில் லேசாக ஒற்றிப் பார்த்தேன். மஜெந்தாவும் மஞ்சளும் பட்டையாகப் பதிந்தன, நீலத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மை தீர்ந்ததா, துளை அடைத்ததா? வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூமேல் ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். மறுபடி ஒற்றியபோது நீலம் முழுதாக இறங்கியது. அடைப்புதான்!

ஆனால் துளைகள் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் வகைக்குத்தான் இது சரிப்படும். அந்தத் துளைகள் உள்ள ஹெட் பிரிண்டருக்குள் இருந்தால், புது கார்ட்ரிட்ஜ் போட்டாலும் அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

சுங்கை சிப்புட் டவுனில் புது கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டதால்தான் எனக்கு இவ்வளவு பொறுமை. மேசைவிரிப்பில் விழுந்த நீலக்கறையை மட்டும் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.