பொருள்: 'லாஸ் ஆஃப் கன்சார்ட்டியம்' - 'தாம்பத்திய இழப்பு' சரியா?

பல்லடத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சாலை விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கான மனுக் கையேட்டில் 'டிபென்டென்சி'க்கு (அவர் வருமானத்தை நம்பியிருந்தோர் இழந்த தொகை) 'சார்பிழப்பு', 'மல்டிபிளையரு'க்கு (அந்த ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண்) 'பெருக்கெண்' என்று போட்டாச்சு. கன்சார்ட்டியம், அதாவது இறந்தவரின் துணையும் அன்பும் பறிபோனதற்கான இழப்பீடுதான் பாக்கி. வழக்கில் புழங்கும் 'தாம்பத்திய இழப்பு' என்றே வைத்துக்கலாமுங்களா?

ஈரோட்டிலிருந்து:

வேண்டாமுங்க. அந்தச் சொல் பணத்தையே குறைக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2018 மேக்மா தீர்ப்புக்குப் பிறகு இந்த இழப்பீடு மனைவிக்கு மட்டும் உரியதல்ல; பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே உண்டு.

கணக்கைப் பாருங்க. விசைத்தறி ஓட்டுபவர், வயது 35, மாதக் கூலி 15,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். நிரந்தர வேலையில்லாத, நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வருங்கால உயர்வு 40 விழுக்காடு: 21,000. சார்ந்தோர் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு: 15,750. ஆண்டுக்கு 1,89,000. 35 வயதுக்குப் பெருக்கெண் 16, ஆகச் சார்பிழப்பு 30,24,000. (பெருக்கெண்ணுக்கு இறந்தவர் வயதுதான், மனைவி வயதைப் போட்டுவிடுகிறார்கள்.)

கன்சார்ட்டியம், உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பில் ஆளுக்கு 40,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு ஏற்றி 2023-ல் 48,400. நால்வருக்கு 1,93,600. 'தாம்பத்திய' என்று தலைப்பிட்டால் மனைவிக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள், 1,45,200 போச்சுங்க. 'அரவணைப்பு இழப்பு' என்று வைக்கலாமே?

கோபியிலிருந்து:

கணக்கு சரிங்கண்ணா, சொல்தான் இடிக்குது. 'அன்பு, பாச இழப்பு' என்று தனித் தலைப்பு முன்பு இருந்தது. அது கன்சார்ட்டியத்துக்குள்ளேயே அடங்கும், தனியாகக் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. 'அரவணைப்பு' என்றதும் இன்சூரன்ஸ் வக்கீல் இதை அந்தப் பழைய தலைப்பென்று எதிர்ப்பார். கவிதை வாடை வேறு.

'துணை இழப்பு' போதும். கீழே மூன்று பிரிவு: மனைவி அல்லது கணவனுக்கு 'வாழ்க்கைத்துணை இழப்பு', பிள்ளைகளுக்குப் 'பெற்றோர்துணை இழப்பு', தாய் தகப்பனுக்குப் 'பிள்ளைத்துணை இழப்பு'. பிள்ளை துணை இல்லாமப் போச்சு என்று நம்ம ஊர்ப் பக்கம் பெரியவங்க சொல்வதுதானே.

பல்லடத்திலிருந்து:

அப்படியே எடுத்துக்கறனுங்க. மாதிரி மனுவில் ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு வரி விடுறேன். ஈமச் செலவு, சொத்திழப்பு ('லாஸ் ஆஃப் எஸ்டேட்') இரண்டும் குடும்பத்துக்கு ஒருமுறைதான், 2023 கணக்குப்படி தலா 18,150. அவற்றைத் தனிக் கட்டத்தில் போட்டுவிட்டால் ஆளுக்கொன்று என்று பெருக்க மாட்டாங்க. கூலிச் சீட்டு இல்லாத தறிக்காரருக்கு 'உத்தேச வருமானம்' என்ற சொல்லும் தேவைப்படுது, அதைத் தனி இழையில் பேசலாமுங்க.