குளூட்டாதயோன் மின்முனை: ஈய அயனியின் முகடு ஏன் தேய்கிறது?

கேள்வி

வணக்கம். கண்ணாடிக் கார்பன் மின்முனையின் மேல் தங்க நானோத் துகள்களைப் படியவைத்து, அவற்றில் குளூட்டாதயோனை (மூன்று அமினோ அமிலங்களாலான, கந்தகம் கொண்ட சிறிய உயிர்மூலக்கூறு) பிணைத்து, நீரில் கலந்துள்ள ஈய அயனியை அளந்து வருகிறேன். பி.எச். 4.5 கொண்ட அசிட்டேட் தாங்கல் கரைசலில், −1.0 வோல்ட்டில் இரண்டு நிமிடம் ஈயத்தைப் படியவைத்து, பிறகு மின்னழுத்தத்தை நேர்த்திசையில் உயர்த்தினால் முதல் அளவீட்டில் கூர்மையான முகடு (படிந்த ஈயம் மீண்டும் கரையும்போது எழும் மின்னோட்ட உச்சம்) கிடைக்கிறது. ஆறாவது அளவீட்டுக்குள் அது பாதியாகிவிடுகிறது. ஆற்றுநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வழிகாட்டும் அளவு, ஈயம் சேர்த்துப் பார்த்தபோது முகடே தெரியவில்லை. குளூட்டாதயோனை விட்டுவிட்டு டி.என்.ஏ.வுக்கு மாறுவது நல்லதா?

மறுமொழி 1

முகடு தேய்வதற்கு உங்கள் படிவு மின்னழுத்தமே காரணம் என்று கருதுகிறேன். −1.0 வோல்ட் அளவில் தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு ஒடுக்கமடைந்து (எலக்ட்ரானை ஏற்று) அறுபடும். ஒவ்வொரு அளவீட்டிலும் குளூட்டாதயோன் சிறிது சிறிதாகக் கரைசலுக்குள் போய்விடுகிறது. குளூட்டாதயோன் சேர்க்காத, தங்கத் துகள் மட்டும் உள்ள மின்முனையில் இதே அளவீட்டைச் செய்யுங்கள். அங்கும் ஏறத்தாழ அதே முகடு வந்தால், உயிர்மூலக்கூறு இதுவரை எந்த வேலையும் செய்யவில்லை என்றே பொருள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் முடிவு எழுதிவிடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கிறது. எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது.

மின்னழுத்தம் எதையும் கொடுக்காமல் மின்முனையை மாதிரியில் பத்து நிமிடம் அமிழ்த்தி, கழுவி, ஈயமில்லாத தாங்கல் கரைசலுக்கு மாற்றிய பிறகு அளப்பது ஒரு வழி. அப்போதும் ஈயத்தை ஒடுக்க எதிர் மின்னழுத்தம் தேவைப்படும் என்பதால், பிணைப்பையே மாற்றுவது மேல். ஈயத்தை இறுகப் பற்றக்கூடிய தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதியைத்தான் நீங்கள் தங்கத்தோடு பிணைத்துச் செலவழித்துவிட்டீர்கள். கார்பன் பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளை உருவாக்கி, குளூட்டாதயோனின் அமினோ முனையை அமைடு பிணைப்பால் இணைத்தால் தயால் ஈயத்துக்கென்றே எஞ்சி நிற்கும்.

மறுமொழி 2

ஆற்றுநீர்ச் சிக்கல் வேறு. அங்குள்ள ஹியூமிக் பொருள்கள் (தாவரங்கள் மட்கி உருவாகும் கரிமப் பொருள்கள்) ஈயத்தைப் பற்றிக்கொள்வதோடு மின்முனையின் மீதும் படலமாகப் படிகின்றன. மாதிரியை வடிகட்டி, அமிலமாக்கி, புற ஊதா ஒளியில் கரிமப் பொருளைச் சிதைத்தபின் பி.எச். அளவைச் சரிசெய்து, அறிந்த அளவு ஈயத்தைப் படிப்படியாகச் சேர்த்து அளவீடு செய்யுங்கள். சிதைக்காத மாதிரியையும் தனியே அளந்து வையுங்கள். கட்டற்றும் தளர்வாகவும் இருக்கும் ஈயம் எவ்வளவு என்பதை அது காட்டும்.

மறுமொழி 3

டி.என்.ஏ. பற்றிக் கேட்டதற்கு: 1994இல் பிரேக்கர், ஜாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த டி.என்.ஏ. நொதி (நொதிபோல வினையை ஊக்குவிக்கும் டி.என்.ஏ. இழை), ஈய அயனி இருக்கும்போது, இழையில் பொதிந்த ஒற்றை ஆர்.என்.ஏ. அலகின் இடத்தில் அந்த இழையை வெட்டுகிறது. தங்கத்தில் பிணைத்த இழையின் மறுநுனியில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் இருந்தால், வெட்டுப்பட்டதும் அதன் மின்னோட்டம் குறையும். அந்தச் சாயத்தைப் படிக்க −1.0 வோல்ட் வரை போக வேண்டியதில்லை என்பதால் தங்கப் பிணைப்பு தாக்குப்பிடிக்கும். ஆனால் வெட்டிய இழை மீண்டும் ஒட்டாது. ஒரு மின்முனை, ஓர் அளவீடு. உங்கள் பி.எச். 4.5 கரைசலும் இதற்கு ஏற்றதன்று, நடுநிலைக்கு அருகில் வைக்க வேண்டும்.

கேட்டவர்

நன்றி. தங்கம் மட்டும் உள்ள மின்முனையை இன்று அளந்தேன்: முகடு ஏறத்தாழ அதே உயரம். அமைடு பிணைப்பு முறையிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.