«பிளாக்»: தொகுதியா, கட்டமா, பாளமா?

அனைவருக்கும் வணக்கம்.

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸைத் தமிழாக்கும்போது 'பிளாக்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். வேர்ட்பிரஸ் 5.0 (டிசம்பர் 2018) முதல், இடுகை எழுத, பழைய ஒற்றைப் பெட்டிக்குப் பதில் பிளாக் எடிட்டர்தான். பத்தி, தலைப்பு, படம், மேற்கோள் எல்லாமே தனித்தனி பிளாக். 'தொகுதி' என்று வைத்துவிடலாமா?

———

> 'தொகுதி' என்று வைத்துவிடலாமா?

வேண்டாமே. எடிட்டரைத் 'தொகுப்பி' என்கிறோம். பொத்தானில் 'தொகுதியைத் தொகு' என்று வந்தால் நாக்குச் சுளுக்கும். பல பிளாக்குகளைச் சேர்த்துக் கட்டும் குரூப் பிளாக்கை அப்புறம் எப்படிச் சொல்வது? தொகுதித் தொகுதியா? 'கட்டம்' என்றால் அட்டவணையின் கட்டத்தோடு மோதும்.

பொருளைப் பார்த்துச் சொல் தேடுவோம். என்டர் தட்டினால் புது பிளாக். ஷிஃப்ட்+என்டர் தட்டினால் அதே பிளாக்கில் அடுத்த வரி. கவிதை இடுபவர்கள் வழுக்குவது இங்கேதான். வரிக்கொரு என்டர் தட்ட, நாலடிப் பாட்டு நாலு துண்டாகி நடுவில் பத்தி இடைவெளி விழுந்துவிடும். (கவிதைக்கென்றே உள்ள வெர்ஸ் பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே என்டர் வரியை மட்டும் மாற்றும், இடைவெளிகளும் அடித்தபடியே நிற்கும்.) ஆக, பிளாக் என்பது தனக்கென ஓரம் உள்ளது, அப்படியே பெயர்த்து மேலும் கீழும் நகர்த்தத்தக்கது. 'பாளம்' பொருந்துகிறது. வறண்ட நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது என்கிறோமே, அது. உட்பாளம், படப்பாளம், பாளத் தொகுப்பி என்று ஒட்டுவதும் எளிது.

———

பாளம் என்றதும் தங்கக்கட்டிதான் நினைவுக்கு வருகிறது, ஐயா. அச்சகங்களில் படம் அச்சிடும் கட்டையைப் 'பிளாக்' என்றே சொன்னார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

———

> அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வலைப்பூவையும் பலர் 'பிளாக்' என்றுதானே எழுதுகிறார்கள்! 'பிளாக்கில் பிளாக்கைச் சேர்' என்றால் யாருக்கு விளங்கும்? ஒருவரைத் தடுப்பதும் 'பிளாக் செய்வது'. என் வாக்கு பாளத்துக்கே.

பழைய எடிட்டரில் எழுதிய இடுகையைத் திறந்தால் முழுதும் ஒரே கிளாசிக் பிளாக்காக வரும். அதன் பட்டையில் உள்ள கட்டளை: 'பாளங்களாக மாற்று'. இன்னொன்று, பிளாக்கில் எதிர்பாராத உள்ளடக்கம் இருக்கிறது என்னும் பிழைச்செய்தி. பிளாக்கின் எச்டிஎம்எல் குறிநிரலில் கைவைத்தால் இது அடிக்கடி வரும். சேமித்திருக்கும் குறிநிரலும், பிளாக் தன் பண்புகளிலிருந்து மறுபடி உருவாக்கும் குறிநிரலும் ஒத்துப்போகாததுதான் காரணம். அங்குள்ள பொத்தானுக்கு 'பாளத்தை மீட்டுப் பார்' என்று வைக்கலாம். 'மீட்டெடு' என்று உறுதியாகச் சொல்லக்கூடாது. மீட்கும்போது கையால் சேர்த்தவை உதிர்ந்துபோக வாய்ப்புண்டு.

'ரீயூசபிள் பிளாக்' என்பதற்கு 'மறுபயன் பாளம்' தேவையில்லை, 6.3 பதிப்பிலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பேட்டர்னின் (பிளாக்குகளை முன்கூட்டியே அடுக்கி வைத்த அமைப்பின்) ஒரு வகையாக்கிவிட்டார்கள். பேட்டர்னுக்குப் 'பாளக்கோவை' போடலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறுவது 'ஒத்திசை கோவை'. மற்றது செருகியதும் தனிப் படி, மூலத்தோடு தொடர்பில்லை.

கிளாசிக் பிளாக்குக்கு மட்டும் 'பழைய பாளம்' வேண்டாம், முன்பு சேமித்த பாளம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'பழமுறைப் பாளம்' சரிவருமா?