புதுப்பிப்பு: அந்த நீளமான இழை ஒரே ஒரு செல்தான்

போன வாரம் சினெகோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப்பாசியை (ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா) பற்றி எழுதியபோது, அதன் திடீர்மாற்ற (மரபணு மாறிப்போன) வகைகளில் செல்கள் சங்கிலி போலக் கோத்துக்கொள்கின்றன என்று சொல்லியிருந்தேன். அது தவறு. சங்கிலியாக வளர்வது அனபீனா என்ற இன்னொரு நீலப்பச்சைப்பாசி. அதில் செல்லுக்குச் செல் இடையே சுவர் தெரியும். சினெகோகாக்கஸில் நடப்பது வேறு.

இயல்பான சினெகோகாக்கஸ் நுண்ணோக்கியில் அரிசிமணி போல இருக்கும். அதன் நடுவில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் வளையமாகக் கூடும் இடத்தில்தான் செல் இரண்டாகும். 2002இல் கோக்‌ஷரோவாவும் வோல்க்கும் என்ற ஆய்வாளர்கள் எஃப்டிஎன்2, எஃப்டிஎன்6 என்ற இரண்டு மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். இவற்றில் ஒன்று பழுதானாலும் செல் பிரிய முடியாமல் சேமியா மாதிரி நீண்டுகொண்டே போகிறது. வளர்ச்சி நிற்பதில்லை, பிரிவதுதான் தடைப்படுகிறது.

"அப்போ எஃப்டிஎஸ்-இசட் மரபணுவையே நீக்கினால்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. முழுசாக நீக்க முடியாது. ஒரு செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் பல நகல்களாக இருக்கும், எல்லா நகலிலும் அது போய்விட்டால் செல் பிழைக்காது.

அப்புறம், என்னை அசர வைத்த விஷயம் ஒன்று. எஃப்டிஎன்2இன் வழிவந்த ஏஆர்சி6 என்ற மரபணு செடிகளிலும் இருக்கிறது. கடுகுக் குடும்பத்துச் செடியான அராபிடாப்சிஸில் அது பழுதானால், இலைச் செல்லில் பல பத்துப் பசுங்கணிகங்கள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்புகள்) இருக்க வேண்டிய இடத்தில் பிரிய முடியாமல் பெரிதாய் உப்பிய ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பசுங்கணிகமே ஒரு காலத்தில் நீலப்பச்சைப்பாசியாக இருந்தது என்பதற்கு எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி இல்லை.

பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.