புதுப்பிப்பு: ஸ்மோக்கர் தெர்மாமீட்டருக்கு ஒரு தாங்கி, ஒருவழியாக முடிந்தது

ஸ்மோக்கரில் (இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் மூடி போட்ட கரி அடுப்பு) துளை போடாமல், தெர்மாமீட்டர் புரோபை (ஒயர் முனையில் சூட்டை உணரும் மெல்லிய உலோகக் குச்சி) இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு மட்டத்தில் எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பாதி உருளைக்கிழங்கில் குத்தி வைக்கச் சொன்னீர்கள். செய்தேன். நின்றது என்னவோ நின்றது, ஆனால் ஈரக் கிழங்கு பக்கத்தில் இருந்தால் அளவு குறைவாகவே காட்டுகிறது. அப்புறம் மரக்கட்டை, அது ஓரமெல்லாம் கருகிப் போனது.

இப்போது இருப்பது வெறும் கம்பிச் சுருள். 1.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை 3.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் ஐந்து சுற்று இறுக்கிச் சுற்றினேன். கையை எடுத்ததும் சுருள் லேசாக விரிந்துகொள்ளும். என் புரோப் 4 மி.மீ.; உள்ளே நுழைத்தால் ஆடாமல் நிற்கிறது. இரு முனைகளையும் கொக்கியாக வளைத்துத் தட்டில் மாட்டினால் சரி, கழுவும்போது கழற்றிவிடலாம். புரோபின் நுனி தட்டில் படக்கூடாது, இறைச்சியிலிருந்தும் நாலைந்து செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

துத்தநாகம் பூசிய கம்பி மட்டும் வேண்டாம். கடும் சூட்டில் அதிலிருந்து நச்சுப் புகை வரும்.

மூடியில் உள்ள டயல் 135 டிகிரி செல்சியஸ் காட்டியபோது தட்டில் 112தான்! இத்தனை நாள் இறைச்சி வேகத் தாமதமானதற்குக் கரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒயரை மூடியில் நசுக்காமல் காற்றுத் துளை வழியாக வெளியே எடுத்திருக்கிறேன்.