உதவி தேவை: மேலும் கீழும் பல் இல்லாத ஊதா 3 சென்ட் வாஷிங்டன். இது ஆரஞ்ச்பர்க் சுருளா?

மரப்பெட்டி:

வணக்கம். அமெரிக்கத் தபால்தலைகளில் வாஷிங்டன், பிராங்க்ளின் தலைப்படங்கள் வரும் வாஷிங்டன்-பிராங்க்ளின் வரிசையை மட்டும் நான்கு வருடமாகச் சேர்த்து வருகிறேன். போன வாரம் இணையத்தில் ஒரு கலவைப் பொட்டலம் வாங்கினேன். அதில் இருந்த ஒரு ஸ்டாம்ப் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

அடர் ஊதா நிற 3 சென்ட் வாஷிங்டன். இடப்பக்கமும் வலப்பக்கமும் பல் (கிழிக்க வசதியாகப் போட்ட துளை விளிம்பு) இருக்கிறது. பல் அளக்கும் கேஜில் வைத்துப் பார்த்தேன், சரியாக 12 (இரண்டு சென்டிமீட்டருக்கு 12 பல்). மேலும் கீழும் நேர் விளிம்பு. கறுப்புத் தட்டில் கவிழ்த்து வாட்டர்மார்க் (தாளுக்குள் மறைந்திருக்கும் எழுத்து அடையாளம், நீர்க்குறி) காட்டும் திரவம் விட்டதும் ஒற்றைக் கோட்டு எழுத்து ஒன்றின் வளைவு தெரிந்தது. ஸ்காட் என்ற தபால்தலைக் கேட்லாகைப் புரட்டினால் இந்த மூன்றும் சேர்ந்து வருவது அதன் 389-ஆம் எண்ணில், அதாவது ஸ்காட் 389-இல் மட்டும்தான். 1911-இல் ஷீட்டாக இல்லாமல் நாடா போலச் சுற்றிய சுருளாக வந்த அந்த ஆரஞ்ச்பர்க் தலை!

முத்திரை கறுப்புப் பட்டைக் கோடுகள்தான், ஊர்ப் பெயர் இல்லை. அடுத்து என்ன செய்வது? நிஜம்தானா என்று நிபுணர்கள் பார்த்துத் தரும் சான்றிதழுக்கு அனுப்பலாமா? அனுப்புகிற செலவு எனக்குக் கொஞ்சம் பெரியது, அதனால்தான் முதலில் இங்கே கேட்கிறேன்.

பழைய உறை:

தம்பி, நீர்க்குறி வரைக்கும் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள், அதற்கே முதலில் பாராட்டு. ஆனால் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே அடர் ஊதா, அதே ஒற்றைக் கோட்டு நீர்க்குறி, நான்கு பக்கமும் பல் 12 என்று ஒரு சாதாரண ஷீட் ஸ்டாம்ப் உண்டு, ஸ்காட் 376. அதன் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கத்தரித்துவிட்டால் காகிதம், நிறம், நீர்க்குறி, பக்கப் பல் எல்லாமே 389-க்குப் பொருந்தும். நீங்கள் செய்த மூன்று சோதனையிலும் அது தேறிவிடும்.

பல் இல்லாமல் அச்சான 3 சென்ட்டில் பக்கப் பல் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் 1909-இல் வந்த அந்தப் பல்லில்லாத தலை இரட்டைக் கோட்டு நீர்க்குறித் தாளில் அச்சானது, அதனால் நீர்க்குறியே காட்டிக்கொடுத்துவிடும். உங்களுடையது ஒற்றைக் கோடு என்பதால் எனக்குச் சந்தேகம் முழுக்கக் கத்தரிக்கோல் மேல்தான்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பொட்டலத்தில் 376 போன்ற சாதாரண 12 பல் தலை வேறு ஏதாவது இருந்தால், அதன் மேல் இதை வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். நிஜச் சுருள் அதைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. இரண்டாவது, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா? மூன்றாவது, நல்ல லென்ஸில் அந்த இரண்டு விளிம்பையும் ஓரம் ஓரமாகப் பாருங்கள். அவசரம் வேண்டாம்.

நீர்க்குறி:

இன்னொன்று, மரப்பெட்டி. ஆரஞ்ச்பர்க் சுருளின் கதையே முத்திரையில்தான் இருக்கிறது. 12 பல் சுருள் கை பட்டாலே கிழிந்து பிரிகிறது என்று 1910-இலேயே 8½-க்கு மாற ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியிருக்க 1911-இல் இந்த 3 சென்ட் மட்டும் 12-இல் வந்தது. நியூயார்க் மாநிலம் ஆரஞ்ச்பர்க்கில் இருந்த பெல் என்ற மருந்து நிறுவனம் டாக்டர்களுக்கு மாதிரி மருந்து அனுப்ப இதைப் பயன்படுத்தியது. அதனால் முத்திரை குத்திய நல்ல தலைகள் பெரும்பாலும் ஆரஞ்ச்பர்க் முத்திரையோடுதான் வரும். ஊர் தெரியாத பட்டைக் கோடு என்றால் எனக்கு அங்கேயே நம்பிக்கை பாதி போய்விடுகிறது.

மரப்பெட்டி:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

பொட்டலத்திலேயே ஒரு பச்சை 1 சென்ட் பிராங்க்ளின் இருந்தது, நான்கு பக்கமும் 12 பல். அதன் மேல் வைத்தால் ஊதா தலை பல் நுனிக்கு எட்டவில்லை. மேலும் கீழும் சேர்த்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. மேல் விளிம்பு நேராகத்தான் ஓடுகிறது, கீழ் விளிம்பு வலப்பக்கம் போகப் போக லேசாக மேலே ஏறுகிறது. அப்புறம் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். கீழ் வலது மூலைக்குப் பக்கத்தில் விளிம்பு ஒரே கோடாக இல்லை. நகத்தால் கிள்ளியது போல இரண்டு சின்ன அரை வட்டப் பள்ளம், சம இடைவெளியில். துளையின் மிச்சம்தானே அது?

பழைய உறை:

ஆமாம் தம்பி, அது துளையின் அடிப்பகுதி. வெட்டினவர் கை சாய்ந்ததால் அந்த மூலையில் துளை முழுதும் போகவில்லை. இது 376. சான்றிதழுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இதைக் கழற்றி எறியாமல் ஒரு அட்டையில் ஒட்டி, ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் வைத்து, "கத்தரிக்கப்பட்டது" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கைக்கு வரும் தலையை இதோடு வைத்துப் பார்க்கலாம். எனக்கும் அப்படி ஒரு அட்டை இருக்கிறது, ஆல்பத்தை விட அதைத்தான் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன்.

எல்லாருக்கும் சொல்கிறேன்: 400 தலை கொண்ட ஷீட்டை நான்காக வெட்டும்போது நடுவில் இருக்கும் தலைகளுக்கு இயல்பாகவே ஒரு பக்கம் நேர் விளிம்பு வரும். அப்படிப்பட்ட தலையில் எதிர்ப்பக்கத்தை மட்டும் வெட்டினால் உயரக் குறைவு பாதிதான் தெரியும், ஏமாறுவது சுலபம். ஜோடியாக இருந்தால் நிஜம் என்று சிலர் சொல்வார்கள். ஷீட்டிலிருந்து ஜோடியாகவே எடுத்தும் வெட்டலாமே. பிலடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடத்தின் சான்றிதழ் கூடவே வராத 389-ஐ நான் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். ஆல்பத்தில் அந்தத் தலைக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும். 3 சென்ட் ஊதாச் சுருள் வேண்டும் என்றால் அதே 1911-இல் வந்த 8½ பல் 394 இருக்கிறது. அழகான தலை.

மரப்பெட்டி:

வருத்தம்தான், ஆனால் தெளிந்துவிட்டது. அதே பொட்டலத்தில் இன்னொன்று, "டேமேஜ்" என்று ஒதுக்கி வைத்திருந்தேன். சிவப்பு 2 சென்ட் வாஷிங்டன், மதிப்பு எழுத்தில் இருக்கிறது, எண்ணில் இல்லை. மேலும் கீழும் பல் இல்லை. இடமும் வலமும் பல்லுக்குப் பதிலாக நீளமான செவ்வகப் பள்ளம், பக்கத்துக்கு இரண்டு. யாரோ பஞ்ச் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள் போல.

நீர்க்குறி:

அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! அது ஷெர்மாக் மூன்றாம் வகைத் துளை. தானே ஸ்டாம்ப் ஒட்டும் இயந்திரம் செய்த கம்பெனிகள் அரசிடம் பல்லில்லாத ஷீட்டை வாங்கி, தங்கள் இயந்திரத்துக்கு ஏற்ற துளையைப் போட்டுச் சுருளாக்கின. ஷெர்மாக் டெட்ராய்ட்டில் இருந்தது. இதே துளை போட்ட பழுப்பு 4 சென்ட் கிராண்ட், ஸ்காட் 314ஏ, அமெரிக்கத் தபால்தலையிலேயே பெரிய அபூர்வங்களில் ஒன்று. 1908-இல் பல்லில்லாமல் 25 ஷீட், அதாவது பத்தாயிரம் தலைதான் கொடுக்கப்பட்டது.

உங்கள் 2 சென்ட் அவ்வளவு விலை போகாது, நிறைய கிடைக்கும். மதிப்பு எழுத்தில் என்றால் 1912-க்கு முந்தையது. நீர்க்குறி பார்த்துச் சொல்லுங்கள். இரட்டைக் கோடு என்றால் 344, ஒற்றை என்றால் 384. நான்கு பள்ளமும் முழுதாக, கிழியாமல் இருக்கின்றனவா?

மரப்பெட்டி:

இப்போதுதான் தட்டில் போட்டேன். ஒற்றைக் கோடு, எஸ் எழுத்தின் பாதி தெளிவாகத் தெரிகிறது. மூன்று பள்ளம் முழுது, இடது கீழ்ப் பள்ளத்தின் ஓரம் மட்டும் லேசாகக் கிழிந்திருக்கிறது. 384 என்று எழுதித் தனி உறையில் வைத்துவிட்டேன்.