கடைத்தெருவில் கூட்டம் உண்டு, குடித்தனம் குறைந்துபோச்சு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டை நம் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். 2008 ஜூலையில் இந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, இனி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெருவே பேசியது.

போன மாதம் ஒரு சுற்றுலாக் குழு வந்தது. எங்கள் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், பூக்கட்டும் அக்காவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பார்க்காமலே மல்லியை இரண்டிரண்டாக எடுத்து நூலில் சுற்றிப்போகும் அவர் விரல்களை ஆளாளுக்கு வீடியோ எடுத்தார்கள். ஒரு முழம்கூட யாரும் வாங்கவில்லை. ஒரு அம்மா மட்டும், இந்த வீட்டிலேயா இருக்கிறீர்கள் என்று என் மூலமாகக் கேட்டார்.

"முன்னே மாடியிலதான் இருந்தோம். இப்ப ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டு. விடிய பஸ் பிடிச்சு வர்றேன்," என்றார் அக்கா. அந்த மாடி இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி.

பழியெல்லாம் யுனெஸ்கோ மேல் போட முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, கீழே கடையும் மாடியில் வீடுமான இந்தக் கடைவீடுகளில் குடும்பங்கள் தலைமுறையாகச் சொற்ப வாடகைக்கு இருந்தன. 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அப்போதே பலர் மூட்டை கட்டினார்கள். யுனெஸ்கோ பட்டம் வந்த பிறகு, மிஞ்சியவர்களுக்கும் வாடகை எட்டாமல் போனது. அக்காவிடம் அன்றாடம் பூ வாங்கியது அந்த வீட்டுப் பெண்கள்தான். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-லிருந்து இருக்கிறது. சாயங்காலப் பூஜைக்கு நடந்தே வருகிற வீடுகள்தான் குறைந்துவிட்டன.

சுற்றுலாவால் லாபமே இல்லை என்றால் அது பொய். சாப்பாட்டுக் கடைகளும் நாணயமாற்றுக் கடைகளும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் எங்கள் கல்லாவை நிரப்புவது தீபாவளிக்கு அக்கரையில் கெடா மாநிலத்துக் கூலிம், சுங்கைப்பட்டாணியிலிருந்து வரும் குடும்பங்கள். 2021-லிருந்து தீவுக்கு வரும் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. பாலத்தைச் சுற்றி வந்து, பார்க்கிங் தேடி அலைந்து, "அடுத்த வருஷம் ஊர்லயே வாங்கிக்கிறோம் தம்பி" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு வசதி செய்துகொடுப்பதும் பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

பழைய கட்டடத்தில் கை வைக்க ஆயிரம் விதி இருக்கிறது. அதற்குள் இருக்கும் குடும்பத்தின் வாடகைக்கும் ஒரு வரம்பு வேண்டும். உங்கள் குடும்பமும் இந்த மாடிகளில் இருந்திருந்தால், எப்போது, எதனால் கிளம்பினீர்கள் என்று எழுதுங்கள்.